உங்களுக்குத் தெரியுமா? எல்லோரும் ‘சரி’ என்று சொன்ன முடிவுகள்

கூட்டம் சத்தமில்லாமல் ஒரே மனதாக முடிந்தால் அது நல்ல கூட்டம் என்று நாம் பழகிவிட்டோம். உள்ளே இருந்தவர்களில் பலருக்கு மனதில் ஒரு கேள்வி இருந்திருக்கும். பக்கத்தில் இருப்பவர் பேசவில்லையே என்று அவர்களும் வாய் திறக்காமல் எழுந்து வந்திருப்பார்கள். உளவியலில் இதைக் குழுச்சிந்தனை என்கிறார்கள். இதைத் தடுக்கும் பொறுப்பு மற்ற யாரையும்விடத் தலைவர் நாற்காலியில் இருப்பவருக்கே அதிகம். புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் வெளியுலகிலிருந்தும் சில செய்திகள்:

● அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-ல் வெளியிட்ட சோதனை மிக எளிமையானது. ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொன்றில் வெவ்வேறு நீளத்தில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளம் எதற்கு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்டவர்கள். அவர்கள் ஒரே குரலில் தவறான கோட்டைக் காட்டினார்கள். அப்போது அந்த ஒருவர் சொன்ன பதில்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று, கூட்டத்தோடு சேர்ந்து தவறாகிப்போனது.

● அதே சோதனையில் நம்பிக்கை தரும் பகுதியும் உண்டு. வேறு ஒரே ஒருவர் சரியான கோட்டைக் காட்டினாலே, தவறுகள் கால் பங்காகச் சுருங்கிவிட்டன. ஆகவே கூட்டத்தில் முதல் மறுப்பு எழும்போது தலைவரின் முகம் எப்படி மாறுகிறது என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த முதல் ஆள் அவமானப்பட்டால் இரண்டாவது ஆள் பேச மாட்டார்.

● 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது அது ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி. ஒரு பெண்ணை அங்கே சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அந்த எதிர்ப்பை ஒதுக்கிவிட்டு அனுமதி கொடுத்தார். பெரும்பான்மை ஒரு பக்கம் நிற்கிறது என்பதே அந்தப் பக்கம் சரி என்பதற்குச் சான்றாகாது என்று அதிகாரத்தில் இருப்பவர் ஒருவர் முடிவெடுத்ததால் நடந்தது இது. அந்த மாணவி பிறகு சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912-ல் டாக்டர் பட்டத்தோடு வெளியே வந்தார். 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் எழுந்தது.

● அதே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்தபோது, பிரிட்டிஷ் இந்தியாவிலேயே சட்டசபை உறுப்பினரான முதல் பெண். சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோயில்களுக்குச் சிறுமிகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அங்கே அவர் எழுப்பிய குரல் இன்றும் பேசப்படுகிறது. அவருடைய தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆண்கள் நிறைந்த அந்தச் சபையில் இந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர் முத்துலட்சுமி. அவர் அந்த நாற்காலியில் இல்லாமல் இருந்திருந்தால் சபை ஒருமனதாக அமைதி காத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அவரை எதிர்த்துப் பேசியவர்களில் முக்கியமானவர் காங்கிரஸ்காரரான தீரர் சத்தியமூர்த்தி. அவர் திருமயத்தில் 1887-ல் பிறந்தவர். ஒரே சீமையில் ஒரு வருட இடைவெளியில் பிறந்த இருவர், ஒரே பிரச்சினையில் எதிரெதிரே நின்றார்கள்.

இதில் பலரும் கவனிக்காத இன்னொரு பக்கம் இருக்கிறது. தேவதாசிப் பெண்களே சங்கம் அமைத்து, பொட்டுக்கட்டுத் தடைச் சட்ட முயற்சியை எதிர்த்து அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்தப் பக்கம் நின்றவர். அதே மரபிலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பின் பக்கம் நின்று மேடை மேடையாகப் பேசினார். முடிவு யார் தலையில் விழப்போகிறதோ அவர்களும் ஒரே குரலில் பேசுவதில்லை. ‘பெண்கள் தரப்பு’, ‘தொழிலாளர் தரப்பு’ என்று ஒருவரை மட்டும் அழைத்து உட்காரவைத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கும் தலைவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தடைச் சட்டம் கடைசியில் 1947-ல் நிறைவேறியது.

● ஒரு குழு, எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அதிகம் பேசுகிறது. ஒருவருக்கு மட்டும் தெரிந்த செய்தி பெரும்பாலும் வெளியே வருவதே இல்லை. 1985-ல் ஸ்டாஸர், டைட்டஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சோதனையில் காட்டியது இது. அதனால் ‘வேறு ஏதாவது சொல்லணுமா?’ என்று பொதுவாகக் கேட்டால் பலன் இல்லை. ‘உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்ன?’ என்று ஆள் ஆளாகக் கேட்க வேண்டும்.

● கல்லணைக் கால்வாயின் கடைமடை புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது. அறந்தாங்கி, நாகுடிப் பக்கத்து விவசாயிகளுக்கு மேட்டூர் திறந்த தேதி முக்கியமில்லை. தண்ணீர் தங்கள் மடைக்கு எப்போது வருகிறது என்பதே முக்கியம். தலைமடையில் உட்கார்ந்து கூட்டம் போட்டால் வாய்க்கால் நன்றாகத்தான் இருக்கும். ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் உள்ள மாவட்டம் இது. ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு கடைமடைக்காரர் இருக்கிறார். பாசனக் கூட்டத்தில் முதல் வாய்ப்பை அவருக்குக் கொடுத்தால், பேச்சு அன்றைக்கு வேறு பாதையில் போகும்.

● இந்தியாவில் ராணுவ நீதிமன்றம் கூடித் தீர்ப்பை முடிவு செய்யும்போது, உறுப்பினர்களின் கருத்து பதவியில் கீழே இருப்பவரிடமிருந்து தொடங்கிக் கேட்கப்படுகிறது. மேஜர் சொல்லிவிட்ட பிறகு கேப்டன் மாற்றிச் சொல்வது எவ்வளவு சிரமம் என்பது அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. செலவில்லாத ஏற்பாடு. எந்த அலுவலகத்திலும் நாளைக்கே தொடங்கலாம்.

● குழுச்சிந்தனை என்ற கருத்தைப் பரவலாக்கியவர் இர்விங் ஜேனிஸ். 1972-ல் அவர் எழுதிய நூலின் முக்கிய உதாரணம், 1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் அமெரிக்கா நடத்திய படையெடுப்பு. நாடு கடந்து வாழ்ந்த கியூபர்கள் சுமார் 1,400 பேரை அமெரிக்கா அனுப்பியது. மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது, பெரும்பாலோர் சிறைப்பட்டார்கள். அதிபர் கென்னடியைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் நாட்டின் கெட்டிக்காரர்கள். அவர்களில் ஒருவரான வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிஞ்சர், தனியாக எழுதிக் கொடுத்த குறிப்பில் இந்தத் திட்டத்தை எதிர்த்தார். கூட்டத்தில் பெரும்பாலும் பேசாமல் இருந்தார். அந்த மௌனத்துக்காகப் பின்னாளில் வருந்தி எழுதினார்.

● அதே கென்னடி, அடுத்த ஆண்டு அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்தபோது, கூட்டம் நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டார். சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே வராமல் இருந்தார். தான் இருந்தால் எல்லோரும் தன் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. ஆலோசகர்கள் தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்து வெவ்வேறு திட்டங்களை எழுதி, ஒருவர் திட்டத்தை மற்றவர் குறுக்குக் கேள்வி கேட்டார்கள். முதல் நாளில் வலுவாக இருந்த விமானத் தாக்குதல் யோசனை பின்னுக்குப் போய், கடல் முற்றுகை முன்னுக்கு வந்தது. உலகம் அணு ஆயுதப் போருக்கு அருகில் போய்த் திரும்பியது. ஆட்களில் பெரிய மாற்றம் இல்லை. பேசும் முறைதான் மாறியிருந்தது.

● அதே 1962 அக்டோபர். இங்கே இமயமலையில், தாக்லா முகட்டிலிருந்து சீனப் படையை வெளியேற்ற டெல்லி முடிவெடுத்திருந்தது. ஆள் போதாது, உணவும் குண்டும் கொண்டு செல்ல வழியில்லை என்று மறுத்துச் சொன்னவர் அந்தப் பகுதியின் படைத்தளபதி லெப்டினன்ட் ஜெனரல் உம்ராவ் சிங். அந்தப் பொறுப்பு அவரிடமிருந்து எடுக்கப்பட்டு, டெல்லிக்கு நெருக்கமான ஜெனரல் கௌலிடம் போனது. அக்டோபர் 20 அன்று சீனா தாக்கியது. அதன் பிறகு நடந்தது நாட்டுக்கே தெரியும்.

● ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1971 ஏப்ரலில் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் படையை அனுப்ப முடியுமா என்று இந்திரா காந்தி கேட்டபோது, ராணுவத் தளபதி சாம் மானெக்‌ஷா முடியாது என்று சொன்னார். மழைக்காலம் வருகிறது, டாங்குகள் தயாராக இல்லை என்று காரணம் அடுக்கி, வேண்டுமானால் பதவி விலகுகிறேன் என்றும் சொன்னதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். பிரதமர் விலகலை ஏற்கவில்லை, காலக்கெடுவைத்தான் மாற்றினார். டிசம்பரில் 13 நாட்களில் போர் முடிந்தது. இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ‘இல்லை’ என்று சொன்னவருக்கு என்ன நடந்தது என்பதில்தான் வித்தியாசம்.

● 1922 டிசம்பரில் கயாவில் காங்கிரஸ் கூடியது. மாநாட்டுத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ். சட்டசபைகளுக்குள் போய்ப் போராட வேண்டும் என்பது அவர் யோசனை. ஒத்துழையாமையை விட்டுவிடக் கூடாது என்று ராஜாஜி தலைமையில் மறுதரப்பு நின்றது. மாநாட்டுத் தலைவரின் யோசனையே தோற்றது! தாஸ் பதவி விலகி, மோதிலால் நேருவோடு சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கினார். நம் திருமயம் சத்தியமூர்த்தி அந்த அணியில் இருந்தார். யாரும் யாரையும் துரோகி என்று ஒதுக்கி முடித்துவிடவில்லை. 1923 செப்டம்பரில் டெல்லியில் கூடிய சிறப்பு மாநாடு, விரும்புகிறவர்கள் சட்டசபைக்குப் போகலாம் என்று வழிவிட்டது.

● 1936-ல் தமிழ்நாடு காங்கிரசுக்குச் சத்தியமூர்த்தி தலைவர், காமராஜர் செயலாளர். 1940-ல் காமராஜர் தலைவரானார். சத்தியமூர்த்தி அவருக்குக் கீழே செயலாளராக வேலை பார்த்தார். தன் சீடருக்குக் கீழே உட்கார்ந்து யோசனை சொல்ல முடிந்த மனிதர். பதவி வரிசை தலைகீழானாலும் பேச்சு நிற்கவில்லை. தமிழ்நாட்டு அரசியலில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

● புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்த நாட்களில், பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது உலகப் புகழ் பெற்ற கதை. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு ஊர்வலம் வந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோய், பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்கினார்களாம். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்ற வசதியும் கிடைத்தது.

இதற்கும் குழுச்சிந்தனைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். பொம்பளைப் பிள்ளை சைக்கிள் விட்டால் ஊர் சிரிக்கும் என்று ஒவ்வொரு வீட்டிலும் பயம் இருந்தது. ஊர் என்பதும் அந்த வீடுகள்தானே! மற்றவர்கள் மறுக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, யாருமே அவ்வளவு பிடிவாதமாக இல்லாத ஒரு கட்டுப்பாட்டை எல்லோரும் சேர்ந்து காப்பாற்றுவது பல இடங்களில் நடக்கிறது. உபதேசம் அதை உடைப்பதில்லை. பலர் ஒரே நாளில் தெருவில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அறிவொளிக்காரர்கள் ஊர்வலம், போட்டி, கண்காட்சி என்று வைத்ததன் சூட்சுமம் இதுதான். எத்தனை பேர் தன் பக்கம் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பெண்ணும் அங்கே கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

● கையைத் தூக்கச் சொன்னால் ஒன்று, சீட்டில் எழுதச் சொன்னால் வேறொன்று. 1907-ல் பிரான்சிஸ் கால்டன் வெளியிட்ட செய்தி: இங்கிலாந்துக் கால்நடைக் கண்காட்சியில் ஒரு காளையின் இறைச்சி எடையை ஊகிக்கும் போட்டி. 787 சீட்டுகளின் நடுமதிப்பு 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்க்காததால்தான் இவ்வளவு நெருக்கம். மகளிர் குழுவில் யாருக்குக் கடன் முதலில் என்று முடிவெடுக்கும் நாளிலும், பேச்சைத் தொடங்குவதற்கு முன் ஆளுக்கொரு சீட்டு எழுதி வாங்கிப் பாருங்கள்.

● உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் குடவோலைதான் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இன்னொரு விதியும் இருக்கிறது: கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினர்களும் வரக் கூடாது. அதே ஆட்கள் அதே திண்ணையில் வருஷக்கணக்காக உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இன்று எத்தனை கோயில் கமிட்டிகளில் இந்த விதி இருக்கிறது?

● கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவரைப் புனிதராக அறிவிக்கும் முன், அவருக்கு எதிராக வாதாடுவதற்கென்றே 1587-ல் ஒரு பதவி உண்டாக்கினார்கள். 1983-ல் அதன் அதிகாரம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. நிறுவனங்களில் இப்போது இதைக் காப்பியடித்து, கூட்டத்தில் ஒருவரை ‘நீங்க எதிர்த்துப் பேசுங்க’ என்று நியமிக்கிறார்கள். ஆனால் உளவியலாளர் சார்லன் நெமத்தின் ஆய்வுகள் வேறு சொல்கின்றன: நடிப்புக்கு எதிர்ப்பவரைவிட, உண்மையாகவே ஒத்துக்கொள்ளாத ஒருவர் இருந்தால்தான் குழு நன்றாக யோசிக்கிறது. நியமனம் செய்வதைவிட, ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பாளரை விரட்டாமல் வைத்துக்கொள்வது மேல்.

● 1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி-3 புறப்படும் முன் கணினி ஏவுதலை நிறுத்திவைத்தது. நிபுணர்கள் தங்கள் கணக்கைப் பார்த்துப் பயமில்லை என்றார்கள். திட்ட இயக்குநர் அப்துல் கலாம் மேலே போகச் சொன்னார். ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. பத்திரிகையாளர்களைச் சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று வெற்றி பெற்றபோது, பேட்டி கொடுக்கக் கலாமை அனுப்பினார். இதைக் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பழி தன்மேல் விழாது என்று தெரிந்த இடத்தில்தான் அடுத்த முறை ஒரு பொறியாளர் ‘சார், இது சரியில்லை’ என்று சொல்வார்.

● 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். முந்தைய இரவே, இந்தக் குளிரில் பூஸ்டர் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் சரியாக மூடாது, ஏவ வேண்டாம் என்று அதைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் மன்றாடியிருந்தார்கள். மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை.

● முடிவெடுத்த பிறகும் ஒரு வழி இருக்கிறது. உளவியலாளர் கேரி கிளைன் சொன்ன முறை: ‘இப்போது ஒரு வருஷம் ஓடிவிட்டது, நம் திட்டம் படுதோல்வி. ஏன் தோற்றது என்று ஆளுக்குப் பத்து வரி எழுதுங்கள்.’ குறை சொல்வது இப்போது யாரையும் எதிர்ப்பதாகாது. கேட்ட வேலையைச் செய்வதாகிவிடும்.

● 2017 பிப்ரவரி 15-ல் மத்திய அமைச்சரவைக் குழு நாடு முழுவதும் 31 இடங்களில் ஹைட்ரோகார்பன் எடுக்க ஒப்புதல் கொடுத்தது. அதில் ஒன்று ஆலங்குடி வட்டத்து நெடுவாசல். ஓரிரு நாளில் ஊர் திரண்டது. வடகாடு, நல்லாண்டார்கொல்லை என்று போராட்டம் பரவியது. நிலத்தடி நீர் என்ன ஆகும், விளைநிலம் என்ன ஆகும் என்ற கேள்விகளெல்லாம் ஒப்புதலுக்குப் பிறகு தெருவில் கேட்கப்பட்டன. 2020-ல் தமிழக அரசு வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்கள் அதில் சேர்ந்தன. நெடுவாசல் அந்தத் திருவரங்குளம் ஒன்றியத்தில் இருக்கிறது.

● புதுக்கோட்டை மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான ஊராட்சிகள். ஒவ்வொன்றிலும் வருஷத்தில் ஆறு முறை கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கையெழுத்துக்கு ஆள் சேர்ந்ததும் கூட்டம் நிறைவாகிவிட்டதாக நினைப்பது பெரிய நஷ்டம். ஊராட்சித் தலைவர் தீர்மானத்தை வாசித்து ‘எல்லாருக்கும் சம்மதம்தானே?’ என்று கேட்டால் ஒரு பதில்தான் வரும். ‘இதில் யாருக்கு என்ன கஷ்டம் வரும்?’ என்று கேட்டால் பின்வரிசையில் நிற்கும் அக்காவும் பேசுவார்.

● பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களும், பாதிக்குக் குறையாமல் பெண்களும் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. தமிழ்நாட்டில் தலைவரும் பெற்றோரில் ஒருவரே. ஆனாலும் தலைமை ஆசிரியர் முதலில் பேசிவிட்டால், ‘சார் சொன்னாச் சரிதான்’ என்று பெற்றோர் எழுந்துவிடுகிறார்கள். நல்ல மனம் கொண்ட தலைமை ஆசிரியர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. அவர்கள் கடைசியில் பேசினால் போதும்.

● நெருக்கடி நிலையில் ஆள்கொணர்வு மனு உரிமை இருக்கிறதா என்ற வழக்கில், 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம் நின்றார்கள். எச்.ஆர்.கன்னா மட்டும் மறுத்து எழுதினார். அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு இளையவருக்குப் போனது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. கன்னாவின் மறுப்பு எழுத்தில் இருந்ததால், நாற்பது ஆண்டுகள் கழித்தும் அதை எடுத்துப் படிக்க முடிந்தது.

● நம் ஊர்ச் சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களில் ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்ற வரி அச்சடித்ததுபோல் இருக்கும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டமோ வேறு மாதிரி சொல்கிறது: இயக்குநர் கூட்டத்தின் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கீழே, அதை ஏற்காத இயக்குநர்களின் பெயரைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். கூட்டுறவுச் சங்கமோ, மகளிர் குழுவோ, கண்மாய்க் கமிட்டியோ எதுவாக இருந்தாலும், தீர்மானத்துக்குக் கீழே ‘ஏற்காதவர், காரணம்’ என்று இரண்டு வரி இடம் விட்டு எழுதத் தொடங்கலாம்.